வாவி யாரையும் பலி கேட்பதில்லை

"வருசத்துக்கு ஒரு ஆளை ஆறு கேட்கும்."

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிள்ளையொன்று மூழ்கி இறந்தால் மரணவீட்டில் இந்தப் பேச்சு எழும். பெற்றவளின் துயரத்துக்கு அது ஏதோ ஆறுதல் தரலாம். ஆனால் எங்கே, எப்படி மூழ்கியது என்ற கேள்வியும் அதோடு நின்றுவிடுகிறது.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலைத் தொடுகிறது. கோடையில் மணல் வாயை அடைத்துவிடும். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழையில் நீர் ஏறி வயலும் ஊரும் அமிழும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். அதன்பின் வாவி கடலை நோக்கி இழுக்கும். முழங்காலளவு நீரில் இறால் பிடித்த இடத்தில் கால் ஊன்ற முடியாது. மணல் அள்ளிய குழிகளும் கலங்கல் நீரில் தெரியாது. ஒரே துறையில் திரும்பத் திரும்ப ஆள் போனால், அங்கே குழியோ இழுவையோ இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

வாவிக்கு வெளியே நடந்தவற்றையும் பாருங்கள். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் மத்ரசா மாணவர்களோடு அடித்துச் செல்லப்பட்டது. இவற்றில் எதை ஆறு கேட்டது? இரண்டும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

"மூழ்குறவன் கத்துவான், கேட்கும்."

பெரும்பாலும் கத்தமாட்டான். மூச்செடுக்கவே வாய் போதாதபோது குரல் எழாது. கைகள் நீரைக் கீழே அமுக்கும், தலை பின்னே சாயும். பார்ப்பவருக்கு விளையாடுவதுபோல இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். கரையில் நின்று காது கொடுத்தால் போதாது, கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

"நீச்சல் தெரிந்தவனுக்குப் பயமில்லை."

முகத்துவார இழுவையை எதிர்த்து நேரே நீந்துகிறவன் களைத்தே போகிறான். மிதந்தபடி குறுக்கே கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும் சேர்ந்து போவது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. மூழ்குகிறவன் பிடித்தவரை விடமாட்டான். தடி நீட்டுங்கள், கயிறு எறியுங்கள், வெறும் பிளாஸ்டிக் கேன் என்றாலும் மூடி இறுக்கி வீசுங்கள்.

"முதலில் வயிற்றுத் தண்ணியை எடுக்க வேணும்."

எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். கரைக்கு வந்த பிள்ளையைத் தலைகீழாய்ப் பிடிப்பார்கள், தோளில் கவிழ்த்துப்போட்டு ஓடுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். பிள்ளைக்குத் தேவை காற்று. ஒட்சிசன் இல்லாமல் மூளை சில நிமிடங்களே தாங்கும்.

மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்துங்கள். நெற்றியைப் பின்னே சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை வேகமாக அழுத்தி, இரண்டு தடவை ஊதுங்கள். மூச்சு திரும்பும் வரை அல்லது உதவி வரும் வரை இதை நிறுத்தாதீர்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கட்டும். கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் சில மணித்தியாலம் கழித்தும் மோசமாகலாம்.

மீனவர் சங்கங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரதேச சபை தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாரி தொடங்குமுன் உங்கள் துறையில் ஒரு நீளக் கயிறும் காற்றடைத்த ரியூப்பும் கட்டி வையுங்கள். குழியுள்ள இடத்தில் சிவப்புக்கொடி நடுங்கள். வாயில் ஊதவும் நெஞ்சை அழுத்தவும் ஊருக்குப் பத்துப் பேராவது பழகிக்கொள்ளுங்கள்.