சமாரியன் கொடுத்த இரண்டு தெனாரியம்

கேள்வி: விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்று நற்செய்தி நூல்கள் எங்கே சொல்கின்றன?

பதில்: மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சி நேரடியான சான்று. பசித்தவருக்கு உணவு, தாகமுள்ளவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு உடை, நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் போய்ப் பார்த்தல் ஆகிய ஆறுமே அங்கே அளவுகோல். தாங்கள் உதவியது யாருக்கு என்பதுகூட உதவியவர்களுக்குத் தெரியவில்லை.

லூக்கா 10இல் உள்ள நல்ல சமாரியன் உவமை இன்னும் நுணுக்கமானது. எரிகோவுக்குப் போகும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போகிறார்கள். யூதர்கள் வெறுத்த சமாரியனோ காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டி, தன் வாகன விலங்கில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம், கொடுத்து, மிகுதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். இரக்கம் இங்கே கணக்கு வழக்கோடு வருகிறது; பிரசங்கங்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை.

செயலால் மீட்பு கிடைக்குமா என்பது வேறு வழக்கு. செயலை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை, விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்ற சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தாழ்வாக மதித்ததும் அந்த வழக்கால்தான்.

விசுவாசம் செயலில் தெரிவதற்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர். பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்ததைத் திண்டிவனத்தில் கண்டவர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையை அடுத்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார்.