காலி நாற்காலியின் செலவு

கேள்வி: ஒரு டாக்டர் விலகினால் இன்னொருவர் வருவார். இதில் ஆஸ்பத்திரிக்கு என்ன நஷ்டம்? (வாசகர், செம்பூர்)

பதில்: சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால் லாபம் போலத்தான் தெரியும், காலியிடத்துக்குச் சம்பளம் கிடையாதே! ஆனால் பணிச்சோர்வால் மருத்துவர்கள் விலகுவதும் வேலை நேரத்தைக் குறைப்பதும் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 460 கோடி டாலரைத் தின்கின்றன என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நம் மும்பைத் தாராவியிலோ இந்த நஷ்டத்தில் ஒரு பங்கு நோயாளி தலையிலும் விழும். பக்கத்திலுள்ள மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரியை நம்பி ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர், நடுவில் டாக்டர் மாறினால் பழைய சீட்டைப் பிரித்துவைத்து முதலிலிருந்து சொல்ல வேண்டும். அன்றைய கூலியும் போச்சு. அவர் அலுத்துப்போய் மருந்தை நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பக்கூடும். அதன் செலவும் பொதுப்பணத்திலிருந்துதான். 'அதற்குத்தான் பாண்டு இருக்கிறதே' என்பீர்கள். மகாராஷ்டிரத்தில் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு அரசுப் பணி செய்ய வேண்டும் என்பதுதான் அந்த ஒப்பந்தம். அது ஆளை ஓராண்டு பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மறுபடி புதுமுகம். நிரந்தரப் பணியிடமும், மும்பை வாடகைக்குப் பயப்படாமல் குடியிருக்க ஒரு குவார்ட்டர்ஸும் கொடுப்பது இதைவிட மலிவு என்பேன்.