பூங்கா நிழலும் துணியின் நிறமும்



நமது மலரில் மோட்டார், கான்கிரீட், கம்ப்யூட்டர் என்று பாடக் கட்டுரைகள் நிறைய வரும். ஒரு மாறுதலுக்காக, போட்டோகிராபர் தொழிலுக்குள் இருக்கும் இயற்பியல் பாடம் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு ஊர் குயிலாப்பாளையம். 1968-இல் ஆரோவில் தொடங்கிய பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் தையல் கூடங்களும் துணிக்கடைகளும் வந்தன. அங்கே தைக்கிற உடைகளைப் படம் எடுக்க, ஊர் ஊராகச் சுற்றும் போட்டோகிராபர் அண்ணன் ஒருவர் வருவார். லீவு நாட்களில் அவருக்கு உதவியாகப் போவேன். அவர் தோளில் கேமரா பை, என் தோளில் ரிஃப்ளெக்டரும் துணி மூட்டையும். பெரியமுதலியார்சாவடியில் பஸ் பிடித்தால் புதுச்சேரி. அங்குள்ள பாரதி பூங்காதான் எங்களுக்கு ஸ்டூடியோ.

"பூங்காவுல போட்டோ எடுக்கிறதுல என்னடா கஷ்டம்? மரம் இருக்கு, வெயில் இருக்கு, கேமரா இருக்கு" என்று நண்பர்கள் கேட்பார்கள். கஷ்டமே அந்த மரத்தாலும் வெயிலாலும்தான்! கல்யாண போட்டோவில் முகம் அழகாக வந்தால் வீட்டார் மகிழ்ந்து போவார்கள். உடை போட்டோவில் துணியின் நிறம் உண்மையாக வரவேண்டும். படத்தில் தூய வெள்ளையாகத் தெரிந்த குர்த்தா, பார்சலைப் பிரித்ததும் சந்தன நிறமாக இருந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நஷ்டம் கடைக்காரரோடு நிற்காது. அடுத்த ஆர்டர் குறையும். பீஸ் கணக்கில் தைக்கும் அக்காமார்களின் கூலியும் குறையும். ஆகவே நிறத்தைச் சரியாக எடுப்பது கலை மட்டுமல்ல, நாணயமும்கூட.

1. உச்சி வெயில்

புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் மூன்றாவது வாரத்தை ஒட்டி, நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். வெள்ளைத் துணியில் நெசவே தெரியாது. எனவே காலை 9 மணிக்குள் பாதி வேலை, மாலை 4 மணிக்கு மேல் மீதி வேலை. அதிலும் அவசரம் உண்டு. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 7 மணிக்குப் பார்த்து வைத்த நிழல் 8 மணிக்கு அதே இடத்தில் இருக்காது.

2. நிழலின் கணக்கு

பழைய பிலிம் காலத்து விதி ஒன்று டிஜிட்டல் கேமராவுக்கும் பொருந்தும். தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/100 வினாடி. அதே ஷட்டரில் திறந்தவெளி நிழலுக்குச் சுமாராக எஃப்/4 வேண்டும். 16, 11, 8, 5.6, 4 என்று நான்கு படி இறங்குகிறோம். ஒவ்வொரு படிக்கும் ஒளி இரண்டு மடங்கு. அதாவது நிழலில் உள்ள ஒளி, வெயிலில் உள்ளதில் 16-இல் ஒரு பங்குதான்! மரத்தடியில் இலை இடுக்கு வழியாகப் புள்ளி புள்ளியாக விழும் வெயில் கண்ணுக்கு அழகு. ஆனால் சேலையில் விழுந்தால் அந்தப் புள்ளிகள் வெளுத்துப்போகும், மற்ற இடம் இருண்டுபோகும். முழு நிழலைத் தேடு என்பதுதான் அண்ணனின் முதல் பாடம்.

3. பச்சையின் வேலை

இலையில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சிக்கொண்டு, பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. புல்தரையில் நிற்கும் பெண்ணின் தாடைக்குக் கீழும், வெள்ளைத் துணியின் ஓரத்திலும் அந்தப் பச்சை ஏறிவிடும். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் எடுத்தால் இதே இடத்தில் செம்மஞ்சள் ஏறும். போதாதற்கு, நடுப்பகல் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின். நீல வானத்து நிழலிலோ 7000-க்கும் மேல். நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

வழி எளியது. துணி இருக்கும் அதே நிழலில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து வைட் பேலன்ஸ் எடுக்க வேண்டும். இடம் மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். காலடியில் வெள்ளைத் துணி விரித்தால் புல்லின் பச்சை மேலே ஏறாது. பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை ஆயி மண்டபம் இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் கிடைக்கத் தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயியின் நினைவாக, பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது அது. வெயில் படும் அதன் சுவரைப் பார்த்தபடி நிழலில் ஆளை நிறுத்தினால், காசில்லாத பெரிய ரிஃப்ளெக்டர் கிடைத்த மாதிரி!

4. ஒளிக்கு முன்னே மனிதர்

வியாபாரப் படம் என்றால் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். உடை மாற்ற மறைவான அறைக்கு ஏற்பாடு செய்யாமல் எந்தப் பெண்ணையும் அழைத்து வரக்கூடாது. மடிப்பைச் சரிசெய்ய வேண்டுமானால் வாயால் சொல்ல வேண்டும், கையால் தொடக்கூடாது. இன்னொன்று, பேச்சை எழுத்தில் வாங்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே போட்டோவின் முதல் உரிமையாளர். இது தெரியாமல் உழைப்பவர்கள் நிறையப் பேர்.

நண்பர்களே, இந்தப் பாடத்துக்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. செல்போனில் புரோ மோடு இருந்தால் வைட் பேலன்ஸை வெயில் என்ற குறியில் நிறுத்துங்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வெயிலில், வேப்பமரத்தடிப் புல்லில், வெள்ளைச் சுவர் ஓரத்தில் வைத்து மூன்று படம் எடுத்துப் பாருங்கள். ஒரே கைக்குட்டை மூன்று நிறம் காட்டும். அதில் எது உண்மை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் சோறு உண்டு.