விடையின் அளவு

ஒருவர் வினவுதலும் மற்றொருவர் விடை கூறுதலும் உலகில் நாள்தோறும் நிகழ்வன. ஆசிரியரும் மாணவரும், மருத்துவரும் நோயாளரும், ஆள்வோரும் குடிமக்களும் வினாவிடையாலேயே ஒருவர் கருத்தை ஒருவர் அறிகின்றனர். பலர் கூடி ஒரு பொருளை ஆராயும் அவையிலும் உண்மை தெளிவுறுவது வினாவிடையாலேயே ஆகும். இத்தகைய இடங்களில் ஒரு சொல்லாலும் இரு சொல்லாலும் விடை கூறுதல் தக்கதோ, தகாததோ என்னும் ஐயம் பலர்க்கும் எழுவதுண்டு. “சுருங்கப் பேசுதலே கற்றறிந்தார்க்கு அழகு” என்பர் ஒரு சாரார். “ஒரு சொல்லில் விடை கூறி ஒதுங்குதல் வினவியவரை இகழ்வதாகும்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பது ஆராய்தற்கு உரியது.

தமிழ் இலக்கணம் இவ்வையத்தைத் தீர்த்தற்கு நல்ல துணையாகும். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினையும் அமைய வேண்டிய அழகுகள் பத்தினையும் வகுத்துக் கூறுகின்றது. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். இரண்டாவது விளங்க வைத்தல். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இரண்டாவது மிகைபடக் கூறல். சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும் மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் சொற்கள் சிலவே. எனினும், ஒன்று அழகு, மற்றொன்று குற்றம். சொல் குறைந்து பொருள் நிறைந்திருப்பின் அது சுருங்கச் சொல்லல்; சொல்லோடு பொருளும் குறைந்துவிடின் அது குன்றக் கூறல். இலக்கணம் நூலுக்குக் கூறிய இவ்வரையறை விடைக்கும் பொருந்தும்.

வெளியூர் செல்லும் ஒருவர், “சென்னைக்குப் பேருந்து எப்போது புறப்படும்?” என்று வினவுகின்றார். “காலையில்” என்பது ஒரு விடை. “காலை 6 மணிக்கு” என்பது மற்றொரு விடை. இரண்டும் சுருக்கமானவையே. ஆனால், முதல் விடையைப் பெற்றவர் விடியலிலிருந்து நிலையத்தில் காத்திருத்தல் வேண்டும். அல்லது பேருந்தைத் தவறவிடுதல் வேண்டும். இரண்டாம் விடையைப் பெற்றவர் ஐயமின்றிச் செல்வார். இனி, மூன்றாமவர் ஒருவர் சாலையின் நிலையையும் ஓட்டுநரின் திறமையையும் தாம் முன்பு சென்றுவந்த செய்தியையும் விரித்துரைத்துப் புறப்படும் நேரத்தைக் கூற மறந்தார் எனக் கொள்வோம். அவர் விடை நீண்டதாயினும் குறையுடையதே. ஆகவே, விடையின் நிறைவைச் சொற்களின் எண்ணிக்கையால் அளத்தல் இயலாது.

விடையின் அளவை உறுதி செய்வது வினாவின் இயல்பே ஆகும். இதனைச் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை தெளிவுற விளக்குகின்றது. அந்நூலின் இறுதிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும்போது, விடை கூறும் முறை நான்கு என்கின்றார். அவை துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன.

தோன்றிய பொருள் அழியுமோ அழியாதோ என்று வினவினால், அழியும் எனத் தயங்காது கூறுதல் துணிந்து சொல்லல் ஆகும். இவ்வினாவிற்கு ஒரு சொல்லே போதும். இறந்தவன் மீண்டும் பிறப்பானோ பிறவானோ என்று வினவினால், அவன் பற்றை விட்டவனோ விடாதவனோ எனப் பகுத்து விடை காணுதல் கூறிட்டு மொழிதல் ஆகும். இங்கே ஆம் என்பதும் பிழையாகலாம். இல்லை என்பதும் பிழையாகலாம். வினாவே தெளிவற்றதாயின், அதனைத் தெளிவுபடுத்தும் மற்றொரு வினாவையே விடையாகக் கூறுதல் வினாவின் விடுத்தல் ஆகும். “மதுரைக்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?” என்பார்க்கு, “நடந்தா, வண்டியிலா?” என்று கேட்டல் இவ்வகையைச் சாரும். ஆகாயத்தில் பூத்த மலர் பழையதோ புதியதோ என்பது போன்ற வினாவிற்கு விடையே இல்லை. அவ்விடத்து வாளா இருத்தலே தகும். அது வாய்வாளாமை எனப்படும்.

இந்நான்கனுள் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்று நின்றால் தீமை விளையும். நோயாளர் ஒருவர் மருத்துவரிடம், “இம்மருந்தை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா?” என்று வினவினால், “பின்” என்பதே நிறைவான விடையாக அமையும். அவரே, “என் நோய் தீருமா?” என்று வினவும்போது ஒரு சொல் போதாது. நோயின் நிலை யாது, மருத்துவத்தால் விளையும் பயன் யாது, நோயாளர் காக்க வேண்டிய ஒழுங்கு யாது எனக் கூறிட்டு மொழிதல் வேண்டும். ஆராயாது “தீரும்” என்றால் அவர் மருந்தைப் புறக்கணித்தலும் கூடும். “தீராது” என்றால் மனம் உடைதலும் கூடும். வினவியவர் ஒருவரே, விடையிறுப்பவரும் ஒருவரே. வினா மாறவே விடையின் அளவும் மாறிவிட்டது.

பலர் கூடி ஆராயும் அவையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். ஓர் ஊரில் ஏரியைத் தூர்வாருதல் குறித்து மக்கள் கூடி ஆராய்கின்றனர் என்று கொள்வோம். பெரியவர் ஒருவர் எழுந்து, “வேண்டா” என்று மட்டும் கூறி அமர்ந்துவிடுகின்றார். அவர் ஏன் மறுத்தார் என்பதை எவரும் அறியார். சிலர் அவரைப் பகைவர் என்பர். சிலர் கஞ்சர் என்பர். ஆனால், அவ்வேரியின் மதகு உடைந்திருப்பது அவர் ஒருவர்க்கே தெரியும். மதகைச் செப்பனிடாமல் தூர்வாரினால் மழை பெய்தும் நீர் நில்லாது. ஊரார் பொருளும் உழைப்பும் வீணாகும். “மதகு உடைந்துள்ளது; முதலில் அதனைச் செப்பனிடுக” என்று அவர் ஐந்து சொல் கூறியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அவையில் ஒருவர் கூறும் முடிவினும் அம்முடிவுக்கு உரிய காரணமே பிறர்க்குப் பயன்படுவது. காரணத்தை மறைத்து முடிவை மட்டும் கூறுதல் விளக்கை மூடி வைத்து வழி காட்டுவது போன்றதாகும்.

ஆயின், அவையில் சுருங்கிய விடைக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. ஒருவர் காரணங்களை நிரம்பக் கூறி முடித்தபின், அதற்கு இசைபவர் “உடன்படுகின்றேன்” என்று கூறி அமைதலே நன்று. அவற்றையே மீண்டும் விரித்தல் கூறியது கூறல் என்னும் குற்றமாகும். ஆராய்ச்சி முற்றி வாக்கெடுக்கும்போதும் ஒரு சொல்லே உரியது. நம் நாட்டு மக்களவையிலும் விவாதம் முடிந்தபின் உறுப்பினர்கள் இசைவையோ மறுப்பையோ ஒரே சொல்லால் குரல் எழுப்பித் தெரிவிக்கின்றனர். ஆராய்ச்சிக்குப் பின் வரும் ஒரு சொல் முடிவாகின்றது. ஆராய்ச்சிக்கு முன் வரும் ஒரு சொல் தடையாகின்றது.

காரணமும் சுருக்கமும் ஒருங்கே அமைதல் அரிதன்று. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கின்றது. அவற்றுள் மறை என்பது மறுத்துக் கூறுதல். உற்றது உரைத்தல் என்பது தனக்கு நேர்ந்ததைக் கூறுதல். “விளையாட வருகிறாயா?” என்று தோழன் அழைக்கும்போது, “வாரேன்” என்பது மறை. அது மறுப்பை மட்டும் உணர்த்தும். தோழன் மனம் வருந்தவும் கூடும். “கால் சுளுக்கியது” என்பது உற்றது உரைத்தல். இதனுள் மறுப்பும் அடங்கியது, காரணமும் அடங்கியது, நட்பும் கெடவில்லை. சொற்களோ இரண்டே.

சுருங்கிய விடை பயன்படுதற்கு மற்றொன்றும் வேண்டும். சொல்வார்க்கும் கேட்பார்க்கும் பொருள் பொதுவாகத் தெரிந்திருத்தல் வேண்டும். தந்தி வழங்கிய காலத்தில் மக்கள் சொல்லை எண்ணிக் கூலி கொடுத்தனர். எனவே, “தாய்க்கு நோய், உடனே வருக” என்ற அளவில் செய்தியை அடக்கினர். பெறுபவர் தம் குடும்ப நிலையை அறிந்தவராதலால் எஞ்சியதைத் தாமே உணர்ந்துகொண்டார். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திப் பணி நிறுத்தப்பட்டது. இன்று கைப்பேசியில் செய்தி விடுப்பார்க்குச் சொல்லெண்ணிக் கூலி கொடுக்கும் நிலை இல்லை. ஆதலின், பொருள் விளங்காதபடி சொல்லைக் குறைத்தற்குச் செலவைக் காரணம் காட்டுதல் இயலாது.

வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள. பண்டைக் கிரேக்க நாட்டில் இலக்கோனியா என்னும் பகுதியில் வாழ்ந்த ஸ்பார்த்தர் சுருங்கப் பேசுதலில் பெயர் பெற்றவர். அப்பகுதியின் பெயரிலிருந்தே சுருக்கமான பேச்சைக் குறிக்கும் சொல் ஐரோப்பிய மொழிகளில் தோன்றியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மாசிடோனிய மன்னன் பிலிப்பு, தான் இலக்கோனியாவினுள் நுழைந்தால் அவர்களை அழித்துவிடுவதாக ஓலை விடுத்தான். அதற்கு அவர்கள், “நுழைந்தால்” என்னும் பொருள்பட ஒரே சொல்லை விடையாக எழுதினர் என்று புளூட்டார்க்கு என்னும் கிரேக்க அறிஞர் குறித்துள்ளார். மன்னனுடைய ஓலையே முன்னிருந்தமையால் அவ்வொரு சொல்லின் பொருள் ஐயமின்றி விளங்கியது.

இதற்கு மாறாக, ஒரு சொல் பல பொருள் தந்து தடுமாறச் செய்ததும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் ஜெர்மனியிலுள்ள போட்சுடாம் நகரிலிருந்து அறிவித்தன. ஜூலை 28ஆம் நாள் ஜப்பானியத் தலைமை அமைச்சர் சுசுகி செய்தியாளர்க்கு அதுபற்றி விடை கூறும்போது, ‘மொகுசட்சு’ என்னும் சொல்லை ஆண்டார். பொருட்படுத்தாது புறக்கணித்தல் என்பது அதன் பொருள். இப்போது கருத்துரையாது அமைதல் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் என்பர் சிலர். நேச நாடுகள் அதனை மறுப்பாகவே கொண்டன. ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோசிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. அவ்வழிவு ஒரு சொல்லால் மட்டும் நேர்ந்தது என்பது பொருந்தாது. குண்டு வீசுதற்குரிய ஆணை ஜூலை 25ஆம் நாளே விடுக்கப்பட்டிருந்தது. எனினும், எண்ணற்ற உயிர்கள் ஊசலாடும் வேளையில் இருபொருள் தரும் ஒரு சொல்லை விடையாக விடுத்தல் எத்துணை இடர் பயப்பது என்பதை உலகம் இன்றும் நினைந்து வருந்துகின்றது.

விடைக்குக் காரணம் வேண்டும் என்னும் அறத்தை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் ஒருவன் அரசு அலுவலகத்தினிடம் தகவல் கேட்டால் பொதுவாக 30 நாளுக்குள் விடை அளித்தல் வேண்டும். தகவல் தர மறுப்பின், “இல்லை” என்று மட்டும் எழுதி அனுப்புதல் ஆகாது. மறுப்பின் காரணத்தையும், மேல்முறையீடு செய்தற்குரிய காலத்தையும், எவரிடம் முறையிடல் வேண்டும் என்பதையும் அவ்விடையிலேயே தெரிவித்தல் வேண்டும். எளிய குடிமகனும் காரணம் கேட்டற்கு உரியவன் என்பதே இதன் கருத்து.

இனி, சுருக்கமும் விரிவும் இசைந்த விடைக்குக் கம்பர் காட்டும் அனுமன் சிறந்த எடுத்துக்காட்டாவான். சீதையைத் தேடி இலங்கை சென்று மீண்ட அவன், இராமன் முன் நின்றபோது தான் கடல் கடந்த வரலாற்றை முதலில் கூறவில்லை. சீதை உயிருடன் உளளோ இலளோ என்று இராமன் நெஞ்சம் துடித்துக்கொண்டிருப்பதை உணர்ந்து, கண்டேன் என்னும் பொருள் தரும் சொல்லையே முதற்கண் வைத்தான். ஒரு சொல் இராமன் துயரைத் துடைத்தது. அவ்வளவில் அவன் நின்றுவிடவும் இல்லை. சீதை இருந்த நிலையையும் அவள் கற்பின் திறத்தையும் பின்னர் விரித்துரைத்தான். கேட்பவர் உடனே அறிய வேண்டுவதை முன்னே சுருங்கக் கூறுதலும், அவர் அறியத் தக்கதைப் பின்னே முறையாக விளக்குதலும் சொல்லின் செல்வர் இயல்பாகும்.

குற்றமற்ற சில சொற்களால் கூறுதலை அறியாதவரே பல சொற்களைக் கூற விரும்புவர் என்பது திருவள்ளுவர் கருத்து. இதனுள் சிலவாதல் மட்டுமன்றிக் குற்றமற்றனவாதலும் கூறப்பட்டிருத்தலை மறத்தல் ஆகாது. சோம்பலால் சொல்லைக் குறைப்பவரும், செருக்கால் விடையைச் சுருக்குபவரும் திருவள்ளுவரைத் தமக்குத் துணையாகக் கொள்ளல் இயலாது. ஆழ்ந்து எண்ணி, வேண்டாதனவற்றை நீக்கி, வேண்டுவன அனைத்தையும் சில சொல்லில் அடக்குபவரே அவர் புகழ்ந்த சொல்வன்மை உடையார்.

தேர்வு எழுதும் மாணவர் குறுவினாவிற்கு ஒரு பக்கம் எழுதினாலும் நெடுவினாவிற்கு ஒரு வரி எழுதினாலும் மதிப்பெண் இழப்பர். வாழ்க்கையில் எதிர்ப்படும் வினாக்களுக்கு அத்தகைய பெயர்கள் இடப்பெற்றிருப்பதில்லை. எது குறுவினா, எது நெடுவினா என்று விடையிறுப்பவரே உணர்தல் வேண்டும். வினவியவர் எதை அறிய விரும்புகின்றார், அதனை அறிந்து அவர் செய்யப்போவது யாது, இவ்விடையைப் பெற்றபின் அவர்க்கு ஐயம் எஞ்சுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்க்கு விடையின் அளவு தானே விளங்கும். அவ்வாறு எண்ணிக் கூறும் விடை ஒரு சொல்லாயினும் நிறைவுடையது. எண்ணாது கூறும் விடை ஓராயிரம் சொல்லாயினும் குறையுடையதே.

பயிற்சி

1. சுருங்கச் சொல்லலுக்கும் குன்றக் கூறலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மணிமேகலை கூறும் நால்வகை விடைகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றற்கும் புதியதோர் எடுத்துக்காட்டுத் தருக.
3. ஏரியைத் தூர்வாருதல் பற்றிய அவையில் பெரியவர் கூறிய விடையின் குறை யாது?
4. அனுமன் கூறிய விடையின் சிறப்பை விளக்குக.
5. “அவையில் காரணம் கூறாத விடை பயனற்றது.” இக்கருத்தை உடன்பட்டோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.