உருவம் வழுக்குகிறதா? முதலில் காலைப் பாருங்கள்

அனிமேஷன் பழகும் பிள்ளை, "நான் செய்த உருவம் சரியாக நடக்கவில்லை, புதுக் கம்ப்யூட்டர் வேண்டும்" என்று கேட்டால் உடனே கடன் தேட வேண்டாம். இந்தக் குறைகள் கருவியால் வருபவை அல்ல. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலேயே திருத்தலாம்.

1. கால் வழுக்குதல்: நின்ற இடத்திலேயே நடக்கும் உருவத்தில், தரையில் ஊன்றிய பாதம் சீரான வேகத்தில் பின்னே செல்ல வேண்டும். ஆனால் பிளெண்டர் வழக்கமாக அசைவை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும். அதனால்தான் வழுக்கல். கிராஃப் எடிட்டரில் பாதம் ஊன்றியிருக்கும் பகுதியை மட்டும் 'லீனியர்' ஆக்குங்கள். உருவத்தை முன்னே நகர்த்தும்போது அதன் வேகமும் பாதத்தின் வேகமும் ஒத்திருக்கட்டும்.

2. மிதப்பது போன்ற நடை: குதிகால் தரையைத் தொட்டதும் முழங்கால் சற்று மடங்கி இடுப்பு தாழ வேண்டும், பிறகு உயர வேண்டும். இடுப்பு ஒரே மட்டத்தில் சென்றால் உடலின் கனம் தெரியாது. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால், சாதாரண நடையில் ஓர் அடிக்குச் சுமார் 12 ஃபிரேம் வையுங்கள்.

3. பொம்மைத்தனம்: இரு கைகளும் ஒரே நொடியில், ஒரே அளவில் உயர்ந்தால் உயிர் இருக்காது. ஒரு கையை இரண்டு மூன்று ஃபிரேம் தாமதப்படுத்துங்கள்.

கால், இடுப்பு, கை, கடைசியில் முகம் என்ற வரிசையில் திருத்துவது நல்லது. வாப்பா வராந்தாவில் நாலு அடி நடக்கட்டும். பிள்ளை பக்கவாட்டில் நின்று செல்போனில் படமெடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கட்டும். தவறு எங்கே என்று அதுவே காட்டிவிடும்.