சிறிய அறைக்கு ஏற்ற லென்ஸ் எது?
வீட்டு ஸ்டூடியோ தொடங்குவோருக்கு ஒரு பாடம்



நம்மில் பலருக்குக் கடையின் மாடியிலோ பின்கட்டிலோ ஓர் அறை உண்டு. காலி டின்களும் கிழிந்த சாக்குகளும் அதில் கிடக்கும். அந்த அறையில் மகனோ மகளோ ஒரு சிறு போட்டோ ஸ்டூடியோ வைக்க விரும்பினால், கேமிராவுக்கு அடுத்தபடியாகப் பணம் கேட்பது லென்ஸ். மனித முகங்களை எடுப்பதற்கு எந்த லென்ஸ் வாங்குவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்காகக் கடை மாடியில் 10க்கு 12 அடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். லென்ஸ் வாங்கப் போன இடத்தில், “அண்ணாச்சி, முகம் எடுக்க 85தான் வாங்கணும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார்கள். நானும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் அது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மகள் சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் வந்தவரின் இடுப்புவரை படத்தில் அடங்கவில்லை. லென்ஸில் குற்றமில்லை. அறையை அளக்காமல் கொள்முதல் செய்தது என் குற்றம். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு நட்டத்தில் கைமாற்றினேன். அந்த நட்டம் உங்களுக்கு வேண்டாம்.

1. இரண்டு எண்களைப் படிக்கப் பழகுங்கள்

லென்ஸின் மேல் 50 மி.மீ., எஃப் 1.8 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குவியத் தூரம். இது கூடினால் படத்தில் அடங்கும் பரப்பு குறையும், ஆள் பெரிதாகத் தெரிவார். இரண்டாவது எண் வெளிச்சம் நுழையும் துளையைக் குறிப்பது. இந்த எண் சிறிதானால் துளை பெரிது என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கேமிராவின் உள்ளே இருக்கும் சென்சாரின் அளவையும் கவனிக்க வேண்டும். முழு அளவுச் சென்சாரின் நீளம் 36 மி.மீ. தொடக்க நிலைக் கேமிராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏ.பி.எஸ்.சி. சென்சாரின் நீளம் சுமார் 24 மி.மீ. இதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், முழு அளவுக் கேமிராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பைத்தான் காட்டும்.

2. முகம் மாறித் தெரிவது எதனால்?

செல்போனை அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸ்தான் இப்படிச் செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையான காரணம் தூரம். கேமிரா ஒன்றரை அடியில் இருந்தால், அதற்குக் காதைவிட மூக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. 6 அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் பொருட்டாகத் தெரியாது. ஆகவே 5 அடி முதல் 8 அடி வரை தள்ளி நின்று எடுக்கவேண்டும். அந்தத் தூரத்திலிருந்து வேண்டிய அளவுக்கு ஆளைப் படத்தில் நிரப்பும் லென்ஸே நமக்கு ஏற்ற லென்ஸ்.

3. அறைக்கணக்கு

12 அடி நீள அறையில் 12 அடியும் நமக்குக் கிடைக்காது. ஆளின் நிழல் பின்திரையில் விழாமல் இருக்க, திரைக்கும் அவருக்கும் இடையே 3 அடி விட வேண்டும். படம் எடுப்பவர் நிற்க 2 அடி. மிச்சம் 7 அடிதான்.

இனி கணக்கு எளிது. படத்தில் எத்தனை அடி உயரம் அடங்க வேண்டுமோ, அதை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, சென்சாரின் நீளத்தால் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் அடியில் கிடைக்கும். கேமிராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

இடுப்புவரை எடுக்க 3 அடி உயரம் வேண்டும். ஏ.பி.எஸ்.சி. கேமிராவில்:

35 மி.மீ. லென்ஸ்: சுமார் நாலரை அடி
50 மி.மீ. லென்ஸ்: சுமார் ஆறேகால் அடி
85 மி.மீ. லென்ஸ்: சுமார் பத்தரை அடி

நம்மிடம் இருப்பது 7 அடி. 85 ஏன் உதவவில்லை என்பது விளங்குகிறதல்லவா? 35-இல் மிக அருகே போக வேண்டியிருக்கிறது. 50 சரியாகப் பொருந்துகிறது. முழு அளவுச் சென்சார் உள்ளவருக்கு 85 மி.மீ. லென்ஸே ஏழடியில் ஏறக்குறைய அடங்கிவிடும்.

முழு உருவத்துக்கு ஆறரை அடி உயரம் வேண்டும். அதற்கு 50 மி.மீ. லென்ஸில் பதின்மூன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். நம் அறையில் நடக்காது. கேமிராவுடன் வரும் 18-55 லென்ஸை 24-இல் வைத்தால் ஆறரை அடியில் முடிந்துவிடும். கேமிராவை இடுப்பு உயரத்தில் சாய்க்காமல் பிடித்தால் கால் குட்டையாகத் தெரியாது. குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் அகலமாகத் தெரிவார். ஆகவே ஓரத்தில் இடம் விட்டு நிறுத்துங்கள்.

4. பெரிய துளைக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

எஃப் 1.8 துளை, எஃப் 5.6 துளையைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து 6 அடியில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏ.பி.எஸ்.சி. கேமிராவில் சுமார் 4 அங்குலம்தான். தம்பதியரை எடுத்தால் ஒருவர் கலங்கித் தெரியலாம். ஃபிளாஷ் விளக்கு இருந்தால் எஃப் 8-இல் எடுப்போம். அப்போது ஆழம் ஏறத்தாழ ஒன்றரை அடி. எஃப் 8-இல் எடுக்கப்போகிறவர் எஃப் 1.2 லென்ஸுக்குப் பல மடங்கு விலை கொடுப்பது, சில்லறை விற்பனைக்கு லாரித் தராசு வாங்குவது போன்றது. எஃப் 1.8 தாராளமாகப் போதும்.

5. கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

அ) வாங்குமுன் ஒரு வாரம் சோதனை செய்யுங்கள். கையில் உள்ள 18-55 லென்ஸை 35-இலும் 50-இலும் மாற்றி வைத்து, அதே அறையில் வீட்டாரைப் படம் எடுங்கள். எந்த எண்ணில் வேலை நடக்கிறதோ அதை வாங்குங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆ) லென்ஸ் உங்கள் கேமிராவில் பொருந்துமா, தானே ஃபோகஸ் செய்யுமா என்று கேமிராவைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நிக்கான் டி 3000, டி 5000 வரிசைக் கேமிராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; பழைய ஏ.எஃப்.டி. லென்ஸ்களை அவற்றில் கையால்தான் திருப்ப வேண்டும். கேனான் ஈ.எஃப். லென்ஸை ஆர்.எஃப். கேமிராவில் மாட்ட இடையில் அடாப்டர் வேண்டும்.

இ) பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சைக் காளான். விலையைக் குறைத்தாலும் வேண்டாம். ஓரிரு தூசி இருந்தால் பாதகமில்லை.

6. பாதுகாப்பு

ஈரம் பட்டால் பருப்பு என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லென்ஸுக்கும் அதேதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மளிகை அறையில், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

இப்போது என் மகள் ஒரு 50 மி.மீ. லென்ஸையும் கேமிராவுடன் வந்த லென்ஸையும் வைத்தே தொழில் செய்கிறாள். சென்ற மாதம் நம் கடையின் பழைய வாடிக்கையாளரான ஒரு பெரியவர் மாடியேறி வந்து, “எனக்குப் பிறகு பிள்ளைகள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும்” என்றார். ஆறடி தள்ளி நின்று எடுத்தாள். படத்தைப் பார்த்தவர், “நான் நானாகவே இருக்கிறேன்” என்றார். நாம் விற்பது காகிதம் அல்ல, ஒருவரின் முகம். அதைக் கெடுக்காமல் கொடுப்பதே இந்தத் தொழிலின் நாணயம்.

ஆகவே முதலில் டேப்பை எடுத்து அறையை அளப்போம். அதன் பிறகு கல்லாவைத் திறப்போம்.