கிசான் பணம்: ஊர் படிக்காத பட்டியல்

2019 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி ஊரில் உலவும் சில நம்பிக்கைகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஏமாற்றவே முடியாது.

நேரடியாக அனுப்பினால் பணம் நடுவழியில் கசியாது, அவ்வளவுதான். கணக்கு வைத்திருப்பவர் விவசாயிதானா என்பது வங்கிக்குத் தெரியாது. 2020 ஊரடங்கு நேரத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் பெயர்கள் மளமளவென்று ஏறின. வேளாண் துறையின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தன. விண்ணப்பித்ததும் தனியார் கம்ப்யூட்டர் சென்டர், ஒப்புதல் தந்ததும் அதே இடம். தரகர்கள் கமிஷன் பார்த்தார்கள். தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய் என்று அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அந்தச் செப்டம்பரில் அறிவித்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கு இன்னும் பெரியது: நாடு முழுவதும் 42 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள், ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய். அதில் தமிழ்நாட்டின் பங்கு 7 லட்சம் பேருக்கு மேல்.

நம்பிக்கை: நிலமில்லாத ஏழைகள்தான் புகுந்துவிட்டார்கள்.

அந்த நாடாளுமன்றக் கணக்குக்கு முன்பே, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசிடம் வாங்கிய பதில் வேறு படத்தைக் காட்டியது. அதுவரை அடையாளம் காணப்பட்ட 20 லட்சம் சொச்சம் தகுதியற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வருமான வரி கட்டுகிறவர்கள். மருத்துவர், வழக்கறிஞர், அரசு அலுவலர், வரி கட்டுபவர் ஆகியோருக்கு நிலம் இருந்தாலும் இத்திட்டத்தில் இடமில்லை.

நம்பிக்கை: யார் வாங்குகிறார்கள் என்பது அரசாங்க ரகசியம்.

ரகசியமே இல்லை. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4(1)(ஆ) பிரிவில். கிசான் இணையதளத்திலேயே மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வந்து நிற்கும். பயனாளிகள் பட்டியலை ஊராட்சியில் ஒட்டுவதும் திட்ட விதிகளில் உண்டு. அது கிராம சபையில் வாசிக்கப்பட்டிருந்தால், யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை ஊரார் பத்தே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். சிட்டா, அடங்கல் இல்லாமலே சொல்லக்கூடிய விஷயம் அது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்குச் சட்டமே கட்டாயமாக்கிய சமூகத் தணிக்கையை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

நம்பிக்கை: பெயரை வெளியிடுவது விவசாயியை அவமானப்படுத்துவது.

இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இல், வேளாண் மானியம் வாங்கிய தனிநபர் விவசாயிகள் எல்லோருடைய பெயரையும் வரைமுறையின்றி வெளியிடச் சொன்ன விதியை ரத்து செய்தது. பிறகு வந்த விதி சிறு தொகை வாங்குவோரின் பெயரை மறைத்து, மற்றவர்களுடையதை மீண்டும் வெளியிட்டது. நம்மூரில் மறைக்க வேண்டியவை ஆதார், கைபேசி, வங்கிக் கணக்கு எண்கள். பொதுப் பணம் வாங்கியவரின் பெயரும் ஊரும் தொகையும் பொதுவில் இருப்பதே நியாயம்.

நம்பிக்கை: பட்டியலில் பெயர் இல்லாதவர் விவசாயி இல்லை.

இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. திட்டம் பார்ப்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான், யார் உழுகிறார் என்பதை அல்ல. டெல்டாவில் தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவரின் பெயர் அதில் ஏறாது. வெளியூரில் குடியிருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரின் பெயர் ஏறலாம். குத்தகைதாரரைச் சேர்ப்பது நடக்காத காரியமும் அல்ல. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம் வாரதாரர்களையும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்தே உதவித்தொகை வழங்கியது.